கழற்றிய சைரனின் பதில்

கழற்றிப் போட்ட பெட்டி பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஐந்தருவிக்குப் போகும் வழியிலுள்ள அந்த விடுதிக்கு நான் போனபோது பிற்பகல் மூன்று மணி. சாரல் மூடி, விளக்குப் போட வேண்டியிருந்தது. பின்புற ஓடையில் வெள்ளம் ஏறினால் ஊளையிடும் சைரனைச் சென்ற ஆண்டே எடுத்துவிட்டார்கள். இப்போது புதியதை அதே முகவரியில் பொருத்த வேண்டும். ஆனால் அந்த முகவரிக்குப் பிங் அடித்தால் பதில் வந்தது.

பிங் எளிய கட்டளை. கருப்புத் திரையில் ஒரு கருவியின் முகவரியைத் தட்டினால், சின்னத் தகவல் ஒன்று கம்பி வழியே அதனிடம் போகும். கருவி உயிரோடிருந்தால் அதையே திருப்பி அனுப்பும். வாசலில் நின்று 'ஆள் இருக்கா?' என்று கேட்பதுபோல. 'இருக்கேன்' என்பதற்கு மேல் அந்தப் பதிலில் ஒன்றும் கிடையாது.

வேறு கருவி அந்த முகவரியில் இருக்கிறதோ என்று விடுதியின் கேமராக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசியில் என் மடிக்கணினியின் கம்பியைத் தவிர எல்லாவற்றையும் உருவினேன்.

பதில் வந்தது.

அறையில் துணி சோப்பின் வாசனை எழுந்தது.

வாசலில் நின்ற காவலாளி நல்லதம்பி மூச்சை இழுத்தார். "எம் பொஞ்சாதி மூக்கம்மா ஓடையில தொவைக்கும்போது இதே வாசந்தான், தம்பி. வெள்ளம் அவள அடிச்சிட்டுப் போன அன்னைக்கு சைரன் கத்தியிருந்தா ஓடியேறியிருப்பா. என்னையவே வெரட்டிப் பிடிக்கிறவ அவ." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "மின்னல் அடிச்சு கெட்டுப்போச்சுன்னு சொன்னாவளே. அப்படித்தானா?"

அப்படி எழுதிக் கொடுத்தவன் நான்.

வெள்ளத்துக்கு முந்திய வாரம் நேரில் வந்து பொத்தானை அழுத்திச் சைரனைச் சோதிக்க வேண்டியவனும் நான்தான். மழையில் வர மனமில்லாமல் தென்காசி அலுவலகத்திலிருந்தே பிங் அடித்தேன். பதில் வந்தது. 'சைரன் சோதிக்கப்பட்டது' என்று கையெழுத்திட்டேன். பெட்டி உயிரோடுதான் இருந்தது. அதன் ஒலிபெருக்கிக் கம்பியை எலி கடித்திருந்தது பிங்குக்குத் தெரியாது.

இதைச் சொன்னால் வேலை போகும். அதைவிட, சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பதில்கள் வேகமாக இறங்கின. வாசனை என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

கழுத்தில் ஈரம் சொட்டியது.

நிமிர்ந்தேன். கூரை காய்ந்திருந்தது.

"மின்னல் இல்ல, அண்ணாச்சி," என்றேன் தரையைப் பார்த்து. "நான் வந்தே பாக்கல." மிச்சத்தையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. "ஒரு பொத்தான அமுக்குததுக்கு இங்கன வர ஒனக்குக் கஷ்டமா இருந்துச்சு, என்ன?" என்றார்.

திரையில் பதில் வருவது நின்றது.

இப்போது வேறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எந்தச் சைரனுக்கு அலுவலகத்திலிருந்து பிங் அடித்தாலும், பதில் அந்தப் பழைய முகவரியிலிருந்தே வருகிறது. இதற்கு வேலை செய்கிற தீர்வு ஒன்றுதான். முதலில் நேரில் போய்ப் பொத்தானை அழுத்தி, சைரன் ஒலிப்பதைக் காதால் கேட்க வேண்டும். அதன் பிறகு பிங் அடித்தால், சரியான முகவரி பதில் சொல்கிறது.