ஏரி மாகாணத் தரத்தொகுப்பு

காலை எட்டு மணிக்கு ஜெனிலாவின் மணிக்கட்டுப் பட்டை வழக்கமான கேள்வியைக் கேட்டது: ‘இன்று உங்களுக்கு நாடி பார்க்கத் தெரியுமா?’ எதிரே உட்கார்ந்திருந்த கணவன் அஜின் தோசையை விட்டுவிட்டு இடது கையை நீட்டினான். அவள் விரல் வைத்தாள். ஏதோ துடித்தது. அந்தத் துடிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் வரவில்லை. ‘தெரியாது’ என்று அழுத்தினாள். பட்டை நன்றி சொன்னது. இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள் நூற்று எழுபத்தோரு நாளாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவர்கள் சமவெளி மாகாணத்திலிருந்து ஏரி மாகாணத்துக்குக் குடிவந்தவர்கள். அந்த நாட்டில் கோதுமை, மாடு, பழைய சோபா எல்லாம் தாராளமாக மாகாண எல்லையைத் தாண்டலாம். மருத்துவ அறிவு தாண்டக் கூடாது. ரயில் எல்லையைத் தொட்டதுமே மூளையில் ‘அறிவுப்பூட்டு’ விழுந்துவிடும். புது மாகாணத்தின் செவிலியர் மன்றம் ஒப்புக்கொண்டால் திறக்கும். நூற்று எண்பது நாளுக்குள் திறக்காவிட்டால் பிறகு எப்போதும் திறக்காது. மனித உடம்பு இரண்டு மாகாணங்களிலும் ஒன்றுதானா என்று ஆராய மன்றம் ஒரு குழு போட்டிருந்தது. அவசரப்பட்டு முடிவுக்கு வரும் குழு அல்ல அது.

உள்நாட்டில் படித்தவர்களுக்கு ஒரு வாரத்தில் பூட்டு திறந்தது. ஜெனிலா மார்த்தாண்டத்தில் படித்தவள். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட மதிப்பெண் பட்டியல் அங்கிருந்தே நேராக வந்தாக வேண்டும். கல்லூரியை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. ஊரிலேயே இருக்கும் பெல்சியா, ஹாஸ்டலில் இவளுக்குப் பக்கத்துக் கட்டில்காரி, மூன்று முறை நேரில் போய்ப் பார்த்தாள்.

“இப்ப அது கல்யாண மண்டபம் மக்கா. பிரின்சிபல் ரூமுலதான் பொண்ணுக்கு அலங்காரம். மானேஜர்ட்ட லெட்டர் கேட்டா, எந்த மாசத்துல முகூர்த்தம்னு கேக்கான்.”

அன்று பதினோரு மணிக்கு மன்றத்துக்கு அழைத்திருந்தார்கள். கதவில் அலுவலரின் பதவி இரண்டு வரி, பெயர் அரை வரி: ஹார்வுட். மேசை மேலிருந்த மொழிபெயர்ப்பான் அவர் பேச்சைப் பட்டிமன்ற நடுவரின் தமிழில் தந்தது. மாகாணம் பெருந்தன்மையானது என்று தொடங்கி, அதன் வரலாற்றைச் சொல்லி, ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார். பட்டியல் வராதவர்களுக்கு ‘தரத்தொகுப்பு’ என்று ஒரு வழி உண்டு. பழைய அறிவை அழித்துவிட்டு மாகாணத்தின் சொந்த அறிவை ஏற்றுவார்கள். நாற்பது நிமிட வேலை. திங்கட்கிழமை பணியில் சேரலாம். அவளை வேலைக்கு எடுத்திருந்த மருத்துவமனையும் அவளுக்கான இடத்தைத் திங்கள்வரைதான் வைத்திருந்தது.

ஒரே ஒரு சிக்கல். அறிவை மட்டும் தனியாகப் பிடுங்க முடியாது. யாரோடு சேர்ந்து கற்றோமோ அவர்களும் கூடவே போய்விடுவார்கள். அதனால் காப்பாற்ற வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று தரலாம்: துணைவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், அனைவருக்கும் சான்றிதழோடு. தோழியைச் சேர்க்கலாமா என்று ஜெனிலா கேட்டாள்.

“தங்கள் நட்பு எந்த அலுவலகத்தில் பதிவாகியுள்ளது?” என்றார் ஹார்வுட். அவர் கேலி செய்யவில்லை. படிவத்தில் பதிவு எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது.

பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து பெல்சியாவைப் போனில் அழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். முதல் வருடம் ரத்தம் எடுக்கப் பழகியபோது அவளுக்குக் கிடைத்த முதல் கை பெல்சியாவுடையது. நாலு தடவை தவறி, ஐந்தாவதில்தான் நரம்பு சிக்கியது. மன்றத்தின் கணக்குப்படி, அதற்குப் பிறகு கற்றதெல்லாம் அந்தக் கையின் மேல்தான் நிற்கிறதாம்.

“கையெழுத்துப் போடலேன்னா?”

“இன்னும் ஒம்பது நாளு. அப்புறம் நான் நர்ஸ் இல்ல. நீ மட்டும் இருப்ப.”

“என்னை வச்சு என்னட்டி செய்யப்போற? ஷோகேஸ்லயா வைக்கப்போற?” என்றாள் பெல்சியா. பிறகு, “போய்ப் போடு. ரெண்டு நாள் கழிச்சு நானே கூப்புட்டு அறிமுகம் ஆகியேன்” என்றாள். ஜெனிலா வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வார்டில், மூன்று பேர் தேடித் தோற்ற ஒரு கிழவரின் நரம்பை ஜெனிலா ஒரே குத்தில் பிடித்தாள். மேற்பார்வையாளர் மாகாணத்தின் தரத்தைப் பாராட்டினார். சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. திரையில் ‘பெல்சியா’ என்றிருந்தது. இந்தப் பெயரில் வந்தால் கட்டாயம் எடுத்துப் பேசு என்று அஜின் காலையிலேயே சொல்லியிருந்தான்.

“ஜெனிலாதான் பேசறேன். சொல்லுங்க.”



“நான் பெல்சியா. உங்ககூட நர்சிங் படிச்சவ.”

“மன்னிக்கணும், எனக்கு…”

“தெரியும். முதல்லேருந்து சொல்லியேன், கேட்டுக்கிடுங்க. நாலு வருசமும் கிளாஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட். நீங்க என்னைப் பாத்து எழுதித்தான் பாஸானீங்க.”

பச்சைப் பொய். இதை மறுத்துச் சண்டை போட உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அந்தச் சண்டைக்காகப் பெல்சியா காத்திருந்தாள்.

“அப்படிங்களா?” என்றாள் ஜெனிலா. “ரொம்ப உதவி செஞ்சிருக்கீங்க.”