எச்சில் என்றொரு ஆறு

ஹெலெத்தும் அவள் கணவன் கெத்தினும் அந்தப் பழைய கல்வீட்டுக்குக் குடிவந்த காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் பொய்ர். மலையுச்சியில் ஒரு பாறைக்கடியில் பிறந்து, சதுப்பைத் தாண்டி, ஆட்டுப்பட்டிகளுக்கு நடுவே வளைந்து, தேவாலயக் கல்லறைச் சுவரை உரசிக்கொண்டு ஏரியில் போய் விழும் சின்ன ஆறு. வெல்ஷ் மொழியில் பொய்ர் என்றால் எச்சில். நுரைத்துக்கொண்டு ஓடுவதால் வந்த பெயர் என்றுதான் ஹெலெத் நினைத்தாள்.

குழாயில் வந்ததும் அந்தத் தண்ணீர்தான்.

ஒரு வாரத்தில் அது கொழகொழத்தது. தேநீரில் நூல் நூலாக மிதந்தது. குளித்து வந்தால் தோலெல்லாம் பிசுபிசுப்பு, சோப்புக்கும் போகவில்லை. தலையணைவரைக்கும் ஊத்தை வாயின் வாடை.

பக்கத்துப் பண்ணைக்காரி மாப்லி வேலியருகே நின்று சிரித்தாள். "அதையா குடிக்கிறீங்க? எங்க ஆடுகூட அதுல வாய் வைக்காதே!"

"மேல ஏதாவது செத்துக் கிடக்கும். போய் இழுத்துப் போட்டுட்டு வரேன்" என்றான் கெத்தின்.

மாப்லியின் சிரிப்பு நின்றது. "நுரையப் பாத்தா அந்தப் பேரு வெச்சாங்கன்னு நெனச்சே? வேணாம்ப்பா. மேல போகாதே."

ஹெலெத்தும் கெத்தினும் ஆற்றையொட்டியே ஏறினார்கள். ஏற ஏறத் தண்ணீர் தடித்தது. சதுப்புக்கு மேலே அது வெதுவெதுவென்றிருந்தது. செத்த ஆடு எங்கும் இல்லை.

உச்சியில் பாறை பிளந்திருந்தது. பிளவின் ஓரம் இளஞ்சிவப்பாக, மெத்தென்று, ஈறு மாதிரி. ஹெலெத் குனிந்து வாந்தியெடுத்தாள்.

"உள்ள எதுவோ அடைச்சிருக்கு." கெத்தின் தோள்வரை கையை விட்டான்.

ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது.

"ஹெலெத்…" என்றான் கெத்தின். "விரல சப்புது."

அவள் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். கை 'சளக்'கென்று வெளியே வந்தது. காயமில்லை. ஸ்வெட்டர் கையைக் காணோம், மயிர் ஒன்றுகூட இல்லை. நகங்கள் பாலில் ஊறிய ரொட்டிபோல் வெளுத்துத் தொங்கின.

அன்றே கிளம்பி, கடலோர ஊரில் இருந்த அவள் அக்கா நெஸ்ட் வீட்டுக்குப் போனார்கள். அங்கே நல்ல தண்ணீர். கெத்தின் குடித்துக்கொண்டே இருந்தான்.

"வாய் ஊறிக்கிட்டே இருக்குடி" என்று வாஷ்பேசினில் துப்பினான்.

துப்பியது நிற்கவில்லை.

தொட்டி நிரம்பியது. நெஸ்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். ஹெலெத் துண்டைச் சுருட்டி அவன் வாயில் அழுத்தினாள். விரலிடுக்குகளில் வெதுவெதுப்பாக வழிந்தது. அவன் கண்கள் மட்டும் அவளிடம் கெஞ்சின.

அது தரையில் இறங்கி, வாசலைத் தாண்டியது.

வெளியே தெரு கடலை நோக்கிச் சரிந்திருந்தது.

எச்சில் மேட்டில் ஏறத் தொடங்கியது, பொய்ர் பிறந்த மலை இருந்த பக்கமாக.