நின்றால் விட்டுவிடும்

காலுறையைக் கழற்றிய பிறகும் வலது காலில் அதைப் போட்டிருப்பது போலவே இருந்தது. ஸ்கேன் மையத்தின் உடை மாற்றும் அறையில், குறுகிய பெஞ்சில் உட்கார்ந்து அவர் குனிந்து பார்த்தார். கெண்டைச் சதையில் ஒரு தடம். காலுறையின் பட்டி அழுத்தியதென்றால் காலைச் சுற்றி வர வேண்டும். இது ஒரு பக்கத்தில் மட்டும், நாலு கோடாகச் சாய்ந்து கிடந்தது. தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

மனைவி கதவைத் தட்டினாள். "துணி மாத்தப் போனீங்களா, தூங்கப் போனீங்களா?"

ஆறு மாதமாக இதுதான். ஐம்பது அடி நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். மறுபடி ஐம்பது அடி. "பாசஞ்சர் ரயில், எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்த மனைவி, போன வாரம் அவருடைய பெருவிரல் கறுத்ததைப் பார்த்ததும் அந்தக் கேலியை மட்டும் நிறுத்திவிட்டாள். சர்ஜன் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். அடைப்புக்குக் கீழே ரத்தக்குழாய் திறந்திருந்தால் மாற்று வழி போடலாம். கீழே ஒன்றுமே இல்லையென்றால் காலை எடுக்க வேண்டியதுதான்.

படம் எடுக்கும் பெண் அவரைப் படுக்க வைத்து, இரண்டு கால்களின் மேலும் கனமான தட்டுகளை வைத்துப் பட்டையால் இறுக்கினாள்.

"வலி எப்படி சார்? குத்துமா, எரியுமா?"

"பிடிக்கும்."

"பிடிக்கும்னா?"

"யாரோ பிடிக்கற மாதிரி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று எழுதிக்கொண்டாள். "மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு படம், ஏத்தின பிறகு ஒரு படம். ரெண்டாவதுல இருந்து முதல் படத்தைக் கழிச்சிடுவோம். எலும்பு, சதை எல்லாம் போயிடும்."

"மிச்சம்?"

"ஓடற ரத்தம் மட்டும். ஆடாதீங்க சார், ஆடினா படம் கெட்டுடும்." அவர் உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்தாள். "முடியலன்னா இதை அமுக்குங்க."

மேசை அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை, அதில் அவருடைய மூச்சே பட்டுத் திரும்பியது, பிளாஸ்டிக்கும் மருந்து நெடியும் கலந்த குளிர், எங்கோ சுவருக்குள் ஒரு பம்பு மூச்சிரைப்பது போல விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு தகரக் கதவை யாரோ இரண்டு கையாலும் தட்டுவதுபோல இயந்திரம் தட்டத் தொடங்கியது.

அப்படித் தட்டுகிற ஒரு கதவை அவருக்குத் தெரியும்.

மனநலக் காப்பகத்தின் வாசல். பன்னிரண்டு வருடம் இருக்கும். தம்பி தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "போகாதண்ணா. நான் சத்தம் போடாம இருக்கேண்ணா." ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார். மோதிர விரல் பாதிதான். சின்ன வயதில் அவரே கதவில் நசுக்கியது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். அங்கிருந்து கேட்டுக்கு ஐம்பது அடி. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கதவு தட்டுகிற சத்தம் மட்டும். பதினோராம் நாள் தம்பி அங்கேயே செத்துப்போனான். நடுவே ஒரு ஞாயிறு வந்து போயிருந்தது. மனைவியிடம், சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனான் என்று சொல்லியிருந்தார்.

கையில் மருந்து குளிர்ந்து ஏறியது. தோள். நெஞ்சு. இடுப்பு.

பிடித்தது.

நடக்கவில்லையே. படுத்துத்தானே இருக்கிறோம். பட்டைக்குக் கீழே, தட்டுக்கும் தோலுக்கும் நடுவே, மெல்ல, ஒவ்வொரு விரலாக.

ஆடக் கூடாது. ஆடினால் படம் கெடும். படம் கெட்டால் கால்.

"சார், காலை ஆட்டாதீங்க" என்றது காதில் குரல்.

"நான் ஆட்டலம்மா."



"இன்னொரு தடவை எடுத்துடறேன் சார்."

மறுபடி தட்டல். மறுபடி குளிர். முழங்காலுக்கு மேலே ஏதோ ஊன்றியது. ரப்பர் பந்தை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். தட்டல் நிற்கவில்லை.

வெளியே வந்தபோது மனைவி அந்தப் பெண்ணின் அறைக்குள் திரைக்கு முன்னால் நின்றிருந்தாள். அவர் சுவரைப் பிடித்தபடி அங்கே போனார்.

"பந்தை அமுக்கினேனே" என்றார்.

"மணி அடிக்கலியே சார்." அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முதல் தடவை எடுத்த படம். கருப்பில் இரண்டு வெள்ளைத் தண்டுகள். இடது கால் பாதம் வரைக்கும் இறங்கியது. வலது, முழங்காலுக்குக் கீழே நின்று, பாதத்துக்கு மேல் மறுபடி நூலாகத் தொடங்கியது. நின்ற இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள்.

"என்னம்மா அது, வேர் மாதிரி?" என்றாள் மனைவி.

"அடைப்பு இருந்தா ரத்தம் தானே சுத்து வழி பண்ணிக்கும்மா. சின்னச் சின்னக் குழாய்." அவள் குரலில் பலமில்லை.

அவர் எண்ணினார். ஐந்து. நாலாவது பாதியில் நின்றிருந்தது. அதற்குள் ஓடியதும் அவர் ரத்தம்தான்.

அந்தப் பெண் இரண்டாவது தடவை எடுத்த படத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். வலது தண்டு இப்போது தொடையிலேயே முடிந்திருந்தது. பாதத்துக்கு மேலிருந்த நூலையும் காணோம். கீழே கால் இல்லை, கருப்பு மட்டும். அந்தக் கருப்பில், குட்டை விரல் கை இருந்த இடத்திலேயே வெள்ளையாகப் பிடித்திருந்தது. அதற்கு ஒரு முழம் மேலே, கயிற்றில் ஏறுகிறவன் மாற்றிப் போடுவதைப் போல, இன்னொரு கை.



அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். விடவில்லை.