அவருடைய மோட்டார்

கொட்டகைப் பூட்டில் சாவி நுழையவே இல்லை. உள்ளே துரு ஏறிப்போயிருந்தது. தம்பி ஒரு கல்லை எடுத்து ஓங்கிப் போட்டதும் பூட்டு கழன்று விழுந்தது. கதவைத் தள்ளினோம். எலிப்புழுக்கை வாடை, பழைய பெட்ரோல் வாடை, அதற்கும் அடியில் ஏரிப்பாசியின் வாடை. பல வருஷமாகத் தண்ணீரே படாத இடத்தில் பாசி வாடை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அப்போது எனக்கு நேரமில்லை.

என் மகன் நடு ஏரியில் இருந்தான்.

காலையில் துடுப்புப் படகில் வலை எடுக்கப் போனவன். திடீரென்று பனிமூட்டம் இறங்கி, பட்டப்பகலில் ஏரியே காணாமல் போனது. பிறகு போன் வந்தது. "அம்மா, படகுல தண்ணி ஏறுது. நம்ம படகுத்துறைப் பாலத்துக்கு நேர் எதிர்ல, நடுவுல இருக்கேன். துடுப்பு வேற..." அத்தோடு லைன் போய்விட்டது. மீட்புப் படகுக்காரர்களைக் கூப்பிட்டால், மூட்டம் விலகினதும் கிளம்புகிறோம் என்கிறார்கள். அதுவரை அந்தச் சில்லிட்ட தண்ணீர் என் பிள்ளைக்குத் தவணை கொடுக்குமா? அக்கம்பக்கத்து மோட்டார் படகுகள் எல்லாம் விடியும்போதே அக்கரைக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது என் வீட்டுக்காரரின் படகும், தார்ப்பாயில் சுற்றி ஸ்டாண்டில் தொங்கவிட்டிருந்த அவருடைய மோட்டாரும்தான்.

தம்பிக்கு ஜெனரேட்டர், ஸ்கூட்டர் ரிப்பேர் வேலை. தெருவே அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும். தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு மூடியைக் கழற்றினான்.

"நேரா படகுல மாட்டிடுடா."

"நடு ஏரில நின்னுட்டா அவனையும் காப்பாத்த முடியாது, நாமளும் வர முடியாது. முதல்ல டிரம்ல ஓட்டிப் பாத்துடுவோம். நீ தண்ணி பிடி அக்கா."

ஸ்டாண்டில் தொங்கிய மோட்டாரின் அடிப்பாகம் முங்குமளவு குழாயைத் திறந்து டிரம்மை நிரப்பினேன். அவன் பிளக்கைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் வெல்லப்பாகாக உறைந்து கிடந்தது. அதைக் கழுவி, தன் ஸ்கூட்டரிலிருந்து உறிஞ்சிய பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினான். அவன் கை என்னவோ பரபரவென்றுதான் ஓடியது. எனக்குத்தான் ஒவ்வொரு திருகும் ஒரு யுகமாக இருந்தது.

கயிற்றைச் சுண்டி இழுத்தான். இருமியது. மறுபடி இழுத்தான். புகையைக் கக்கிக்கொண்டு மோட்டார் பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் டப்பென்று நின்றது.

"கிளிப் கழண்டிருக்கு," என்றான்.

அந்தக் கிளிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டாரின் முகப்பில் ஒரு பொத்தான், அதில் செருகிய கிளிப், கிளிப்பிலிருந்து ஓட்டுகிறவர் மணிக்கட்டுக்கு ஒரு சிவப்புச் சுருள் கயிறு. ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு கிளிப்பைப் பிடுங்கும், மோட்டார் நின்றுவிடும். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்காது. வலை இழுக்கக் குனியும்போதெல்லாம் நின்று தொலைக்கிறது என்று பொத்தானையே கம்பியால் கட்டிவிட்டு ஓட்டுவார். சொன்னால் கேட்கிற ஆளா? ஒருநாள் விழுந்தார். மோட்டார் நிற்கவில்லை. ஆளில்லாத படகு உறுமிக்கொண்டே வந்து எங்கள் கரைச் சேற்றில் ஏறி நின்றது. அவர் கிடைக்கவே இல்லை. கம்பியை வெட்டி எறிந்துவிட்டு மோட்டாரைப் பூட்டியவள் நான்தான்.

தம்பி கிளிப்பை அழுத்திச் செருகி மறுபடி இழுத்தான். ஓடியது. மோட்டாரின் பின்துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. டிரம் தண்ணீரை உறிஞ்சி மோட்டாரைக் குளிரவைக்கிற பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"என்னக்கா தண்ணி பிடிச்ச?"

"குழாய்த் தண்ணிதான்டா."

டிரம்மில் அடி தெரியுமளவு தெளிந்த தண்ணீர். துளையிலிருந்து விழுந்ததோ பச்சை. கையை நீட்டினேன். விரல்களில் ஏரிப்பாசி சுற்றிக்கொண்டது.

தொங்கிக்கொண்டிருந்த சிவப்புக் கயிறு அசைந்தது.

மெல்ல நீண்டது. சுருள்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. மறுமுனையில் யாரோ மணிக்கட்டை இழுப்பதுபோல் விறைத்து நின்றது.

கிளிப் தெறித்தது. மோட்டார் நின்றது.

"அக்கா," என்று கிசுகிசுத்தான் தம்பி. "நான் தொடலை."

"தெரியும்."

"அத்தான்..."

"வாயை மூடு!" என்றேன் அவனிடம். பிறகு அந்தக் கயிற்றைப் பார்த்துச் சொன்னேன். "இங்க பாருங்க. தண்ணில கிடக்கிறது உங்க புள்ளை. என்மேல கோவம்னா அப்புறமா வந்து காட்டுங்க. இப்ப விடுங்க."

டிரம்மில் ஒரே ஒரு குமிழி வந்து உடைந்தது.

நான் கிளிப்பை எறிந்துவிட்டு, செப்புக்கம்பி ஒன்றை எடுத்தேன். இந்தக் கையால் வெட்டியதை இந்தக் கையாலேயே கட்டினேன். பொத்தானைச் சுற்றி இறுக்கி முறுக்கினேன். தம்பி தடுக்கவில்லை.

மோட்டாரைப் படகில் மாட்டித் தண்ணீரில் இறங்கியதும் கரை மறைந்தது. நான் பின்னால் மோட்டாரைப் பிடித்திருந்தேன். தம்பி முன்னால் உட்கார்ந்து போனில் திசை பார்த்துக் கையால் காட்டினான். முழு வேகம். மோட்டாரின் இரைச்சலில் என் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. இருந்தாலும் மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எங்கு பார்த்தாலும் வெள்ளை. முதுகுக்குப் பின்னால் ஈரத்துணியின் சில்லிப்பு. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பிடியை விட்டுவிடுவேன் என்று பயம்.

நடு ஏரியில் மோட்டார் நின்றது.

கம்பி கட்டியபடியே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். இறுக்கம் கொஞ்சமும் தளரவில்லை.

"பாவி மனுஷா!" என்று அலறினேன். "பெத்த புள்ளையக் கொல்றியே!"

படகு சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டு போனது. அந்த அமைதியில்தான் கேட்டது.

இருமல். படகின் மூக்குக்கு நேர் கீழே.

தம்பி குப்புற விழுந்து கையை நீட்டினான். கவிழ்ந்த படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, உதடு நீலம் பாரித்து, என் மகன். இருவரும் சேர்ந்து அவனை உள்ளே இழுத்துப் போட்டோம். மடியில் போட்டுத் தேய்த்தேன். பல் கிட்டித்துப்போயிருந்தது. வெகு நேரத்துக்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

"மோட்டார் நேரா என்மேல வந்துச்சும்மா. கத்தினேன், உங்களுக்குக் கேக்கலை. நல்லவேளை, நிறுத்தினீங்க."

தம்பி என்னைப் பார்த்தான்.

"நான் நிறுத்தலை," என்றேன்.

அதன் பிறகு எவ்வளவு இழுத்தும் மோட்டார் உயிர் பெறவில்லை. துடுப்புப் போட்டுத்தான் திரும்பினோம். படகு நகர மறுத்தது. பின்பக்கம் தாழ்ந்து, தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே மோட்டாரைத் தவிர ஒன்றும் இல்லை. மூன்று பேரும் முன்பக்கம் ஒண்டிக்கொண்டோம்.

எங்கள் படகுத்துறை மரப்பாலம் ஓராள் அகலம்தான். மகன் தட்டுத்தடுமாறி முதலில் ஏறினான். பின்னால் தம்பி ஏறி ஓரமாக நின்றான். நான் கடைசியாக ஏறிப் படகைக் கட்டினேன். ஆள் இறங்கினால் படகு மேலே எழும்ப வேண்டும். முன்பக்கம் எழும்பியது. பின்பக்கம் அப்படியே தாழ்ந்து கிடந்தது.

"அக்கா, வா போகலாம்," என்றான் தம்பி, குரலே இல்லாமல்.

அப்போது படகு ஆடியது. பின்பக்கம் மெல்ல எழும்பி மட்டமானது. நான் அசையாமலே என் காலடியில் பலகை அழுந்தியது. பிறகு கரைப்பக்கமாக அடுத்த பலகை. அதற்கடுத்தது.

மகன் முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடுங்கியபடி நின்றிருந்தான். அவன் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் பின்னால் ஆள் வந்தால் நாமெல்லாம் செய்வதைப்போல உடம்பை ஒடுக்கி ஓரமாக நகர்ந்து, வீட்டுக்குப் போக வழி விட்டான்.