வயர் போன வீடு

காலையில் பூட்டைத் திறந்து முதலில் உள்ளே போனவள் தையல்காரி. கூட்டிப் பெருக்கத்தான் போனாள். உள்ளறை வாசலிலேயே துடைப்பம் கையிலிருந்து நழுவியது.

சுவிட்ச் போர்டு மூடிகளெல்லாம் கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தன. சுவரில் பதித்த பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. உள்ளே ஒரு துண்டு வயர்கூட இல்லை. சமையலறையிலும் அதே கதி. முன்னறை மட்டும் தப்பியிருந்தது.

மறுநாள் அவள் குடியேற வேண்டிய வீடு அது. ஊரிலுள்ள ஒரு சங்கத்தின் தன்னார்வலர்கள் விடுமுறை நாட்களில் கூடிக் கட்டியது. அவர்களில் ஒரு வங்கி அதிகாரி சுவரைவிடத் தன் சட்டைக்குத்தான் அதிகமாகப் பெயின்ட் அடித்தார். ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தார். வீடு பெறும் குடும்பமும் கூடவே உழைக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் சட்டம். அவளும் தம்பியும் மணல் சுமந்தார்கள், கொத்தனாருக்குக் கையாளாக நின்றார்கள், சுவருக்குத் தண்ணீர் விட்டார்கள். இன்னொரு சட்டமும் இருந்தது. குடும்பத்தில் யாராவது கட்டடப் பொருளில் கைவைத்தால் வீடு அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும்.

தம்பி கேபிள் திருடி ஜெயிலுக்குப் போய் வந்தவன்.

சங்கச் செயலாளருக்குப் போன் செய்வதற்கு முன்பே, கூட வந்து வெளியே நின்ற அவனை வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“டேய், உண்மையைச் சொல்லு. நீயா?”

அவன் அவளையே பார்த்தான். போய் மணல் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று அவளுக்குப் பதறியது.

செயலாளர் அரக்கப்பரக்க வந்தார். கூடவே ஏட்டம்மாவும் வந்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள், இப்போது இங்கே ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார். கடைசியாக வயரிங்காரர் வந்து, பெட்டிகளைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“எல்லாத்தையும் உருவிட்டான், மேடம். அத்தனையும் செம்புக் கம்பி.”

“மத்தியானம் கரண்ட் ஆபீஸ்லேர்ந்து சோதனைக்கு வர்றாங்க,” என்றார் செயலாளர். “அடுத்த வாரம் வர வேண்டியவங்க. நான்தான் கெஞ்சி இன்னைக்கு வரச் சொன்னேன். நேத்துதான் முடிவாச்சு, எல்லாருக்கும் சொன்னேன். பூட்டு உடையல. ஒரு சாவி என்கிட்ட. இன்னொண்ணு இந்தம்மா கையில. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?”

சொல்ல வேண்டியதைச் சொல்லாமலேயே ஜன்னல் வழியே மணல் குவியல் பக்கம் பார்த்தார்.

“பூட்டுக் கதை அப்புறம்,” என்றார் ஏட்டம்மா. “நேத்து கடைசியா வெளிய வந்தது யாரு?”

“நான்தான்,” என்றார் வயரிங்காரர். “முன்னறையில லைட்டு மாட்டிட்டு வந்தேன். சார் பூட்டுனாரு.”

“உள்ள போய்ப் பாத்தீங்களா, சார்?”

“இல்ல. வாசல்லேர்ந்தே பூட்டிட்டேன்.”

“வயர் எப்ப இழுத்தீங்க?”

“பூச்சு காஞ்சதும். போன மாசம்.”

“எல்லா ரூமுக்கும்?”

“ஒண்ணு விடாம.”

“சுவருக்குள்ள ஓடுற பைப்புல எங்கயாவது சிக்குச்சா?”

“எங்க சிக்குறது? வழுக்கிக்கிட்டு போச்சு.”

தையல்காரிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் கண் உள்ளறைப் பெட்டி ஒன்றிலேயே குத்திட்டு நின்றது. பெட்டிக்குள் திறக்கும் பைப்பின் வாயில் நீலமாக ஏதோ எட்டிப் பார்த்தது. அவள் தைக்கும் பள்ளிச் சீருடைத் துணி. ஊரில் அந்தத் துணி வேறு யாரிடம் இருக்கிறது? இது ஒன்று போதுமே, அக்காளும் தம்பியும் சேர்ந்து செய்த வேலை என்று முடிச்சுப் போட. இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்த ஒழுகுகிற ஒற்றை அறைக்கா?

மற்றவர்கள் சமையலறைப் பக்கம் திரும்பியதும் விரலை விட்டு இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். சிமென்ட் பொருக்கு உதிர, துணி கையோடு வந்தது.

“கையில என்னம்மா?”

ஏட்டம்மா பின்னாலேயே நின்றிருந்தார். அவள் முந்தானைக்குள் கையை மறைத்தாள். பலிக்கவில்லை.

செயலாளர் துணியைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். “உங்களை இப்படி நினைக்கலம்மா.”

“சார், சத்தியமா நாங்க எடுக்கல. இது அப்ப வச்சது. கொத்தனார் சுவரு பூசும்போது பைப்புக்குள்ள கலவை போயிடும், துணியை வச்சு அடைன்னாரு. வீட்டுல வெட்டுத்துணிதான் கெடக்குதேன்னு கொண்டாந்து அடைச்சேன்.” துணியைச் செயலாளர் பக்கம் நீட்டினாள். “இதைப் பாத்தா எங்க மேல பழி வந்துடும்னு பயந்துட்டேன்.”

ஏட்டம்மா வயரிங்காரரிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். சமையலறையில் நீலம். உள்ளறையின் மறுசுவரிலும் நீலம். ஒரு ஸ்க்ரூடிரைவரால் நோண்டிப் பார்த்தார். துணி சிமென்டோடு இறுகிக் கிடந்தது, அசையவில்லை. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது.

“ஏம்மா, உன்னைக் காப்பாத்துற சாட்சியை நீயே பிடுங்கிப் போடப் பாத்தியே. நல்ல வேளை, எல்லாத்தையும் பிடுங்கல.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“பூசுறதுக்கு முன்னாடி இந்தம்மா பைப் வாயை அடைச்சிருக்கு. துணி இன்னும் அங்கேயே இருக்கு. அப்படின்னா பூச்சுக்கு அப்புறம் வயர் எது வழியா உள்ள போச்சு?” ஏட்டம்மா வயரிங்காரரிடம் திரும்பினார். “வழுக்கிக்கிட்டு போச்சுன்னீங்களே?”

“திருடன் வயரை உருவிட்டுத் துணியைத் திணிச்சிருப்பான், மேடம்.”

“திணிச்சு, அதுமேல சிமென்டும் பூசிக் காய வச்சுட்டுப் போனானா? ரொம்பப் பொறுப்பான திருடன்.”

வயரிங்காரருக்கு முழி பிதுங்கியது.

“இங்க திருட்டே நடக்கல,” என்றார் ஏட்டம்மா. “வயர் போட்டாத்தானே திருடுறதுக்கு? நீங்க முன்னறைக்கு மட்டும் இழுத்துட்டு, மத்ததுக்கு வெறும் மூடியை மாட்டி வச்சீங்க. அடைச்ச துணியை எடுக்கக்கூட மெனக்கெடல. இன்னைக்கே சோதனைன்னதும் கையும் ஓடல, காலும் ஓடல. நேத்து கடைசி ஆளா உள்ள நின்னு மூடிகளைக் கழட்டிப் போட்டீங்க. ஜெயிலுக்குப் போனவன் ஒருத்தன் இங்க இருக்கான், பழி தானா ஒட்டிக்கும்னு கணக்குப் போட்டீங்க. சரியா?”

வயரிங்காரர் சுவரோடு சாய்ந்துவிட்டார். “இங்க போட வேண்டிய வயரை வேற ஒரு வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். சோதனைக்குள்ள வாங்கிப் போட்டுடலாம்னுதான் இருந்தேன்.”

செயலாளர் தையல்காரியின் முன் கைகூப்பினார். வீடு அவளுக்குத்தான், எந்த மாற்றமும் இல்லை என்றார். அவள் தலையாட்டினாள், கால் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டது.

தம்பி அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

“வீடு நமக்குத்தான்டா. வயரிங்காரன் பண்ணின வேலை.”

“கேட்டுச்சு.”

“காலையில நான்...”

“செயலாளர் சந்தேகப்பட்டாரு, சரி. அவருக்கு என்னைத் தெரியாது. நீயும் கேட்டியேக்கா.” அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

“புள்ளைங்களை நினைச்சுப் பயந்துட்டேன்டா.”

“தெரியும். நாளைக்கு நீங்க மூணு பேரும் போங்க. நான் அந்தப் பழைய ரூம்லயே இருந்துக்கறேன். ஒரு பொருள் காணோம்னா, திரும்ப நீ சந்தேகத்தோட என் மூஞ்சியைப் பாக்க வேண்டாம்.”

அவளுக்கு அழுகை வெடித்தது. வீடு கிடைத்த அன்றைக்கு இப்படி அழுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை. அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

“நீ வராம அந்த வீட்டுக்குள்ள நான் கால் வைக்கமாட்டேன்.”

உள்ளே இருந்து செயலாளர் அவளைக் கூப்பிட்டார். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.