ஏகாந்தச் செம்மலின் கடைசி ஓட்டம்

காலை ஆறே முக்காலுக்குச் செண்பகவடிவு வண்டியின் நெற்றியில் திருநீறு பூசினாள். "நன்றி" என்றது வண்டி. யார் எதைப் பூசினாலும் நன்றி சொல்லும் வண்டி அது.

பாளையங்கோட்டைத் தெருவுக்கு இது புதிதல்ல. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பதினாறாம் நாள் கழிந்ததும் இறந்தவரின் தானோட்டி வண்டியை ஓடவிடுவார்கள். அரசாங்கம் இதற்கு 'நினைவுக்கழிப்பு ஓட்டம்' என்று பெயர் சூட்டி, நாற்பது பக்கத்தில் கையேடும் போட்டிருந்தது. சுருக்கம் இவ்வளவுதான்: இறந்தவர் வழக்கமாகப் போன நெடும்பாதையில் வண்டி கடைசியாக ஒருமுறை தன் பழக்கப்படியே போய்வரும். வாரிசு கூடப் போகலாம். வண்டிக்கு எதுவும் உத்தரவிடக் கூடாது. திரும்பி வந்ததும் அதன் நினைவைத் துடைத்துவிடுவார்கள்.

உரிமையாளர் இருக்கையில் அவள் ஏறி உட்கார்ந்தாள். மடியில் பித்தளைச் செம்பு. செம்புக்குள் அவள் கணவர் பிரம்மநாயகம்.

ஒரு காலத்தில் ஒரு மூலையில் கிடந்த தேரிக்காடு, இப்போது மூன்று மாவட்டங்களைத் தின்றுவிட்டுச் செம்மணல் பாலையாகப் படுத்துக் கிடந்தது. வழியில் தண்ணீரும் நிழலும் கொஞ்சம் பேருக்குத்தான் காணும் என்பதால், அதற்குள் போக வீட்டுக்கு ஒரே ஒரு வழிச்சீட்டு. யார் எடுப்பது என்ற பேச்சு பதினோரு வருடங்களுக்கு முன்பு வந்தபோது, "தனிமை ரெண்டு பேருக்கு எடம் குடுக்காது, வடிவு" என்றார் பிரம்மநாயகம். சீட்டே ஒன்றுதான் என்பதால் அதற்குத் தத்துவம் தேவையில்லை. ஆனாலும் சொன்னார். சீட்டை அவர் பெயருக்கு விட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து வருடா வருடம் மாசியில் பன்னிரண்டு நாள் தனியே போவார். வந்து எழுதுவார். புத்தகங்கள் வந்தன, பொன்னாடைகள் வந்தன, 'ஏகாந்தச் செம்மல்' பட்டம் வந்தது. பன்னிரண்டு நாள் வெயிலில் அலைந்தும் மனிதர் கறுக்காததைத் தவத்தின் பலன் என்று ஒரு பேராசிரியர் மேடையில் சொன்னார். கூட்டங்களில் அவருடைய புகழ்பெற்ற வரியை வாசிப்பது செண்பகவடிவின் வேலை: 'தேரி பேசாது. அந்த மௌனத்தில்தான் நான் என்னைக் கேட்டேன்.' வாசித்ததும் அவளே முதல் ஆளாகக் கை தட்டுவாள்.

தேரியின் நடுவில் தன் அஸ்தியைத் தூவ வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். அவரோடு வழிச்சீட்டும் செத்தது. இந்த ஓட்டம் ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்த பயணம், இனி கிடையாது.

சாத்தான்குளத்தில் வண்டி பெரிய சாலையை விட்டு ஒரு சந்துக்குள் நுழைந்து, மரகதம் லாட்ஜ் வாசலில் நின்றது. அவள் பக்கக் கதவு திறந்தது.

"இருக்கை காலியானதும் தனிப்பயணம் தொடங்கும்" என்றது வண்டி.

அக்குளில் தலையணையோடு ஓர் ஆள் ஓடி வந்தான். "வாங்க அண்ணாச்சி, ஏழாம் நம்பர் ரெடி..." அவளைப் பார்த்து நின்றான். "அண்ணாச்சி வரலியா?"

"வந்திருக்காவ." செம்பைக் காட்டினாள்.

அவன் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "நீங்க வடிவு மைனியா? நான் ஜெபஸ்டின். பன்னெண்டு நாளும் ஒங்க மீன்கொழம்பப் பத்தித்தான் பேச்சு."

"எந்தப் பன்னெண்டு நாளு?"

ஜெபஸ்டின் வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "உள்ள வந்து ஒரு சோடா குடிங்க மைனி."

"எந்தப் பன்னெண்டு நாளுன்னு கேட்டேன்."

"மாசில வருவாவல்லா... அவிய எறங்குனதும் வண்டி கெளம்பிரும். தேரியெல்லாம் சுத்திப் படம் புடிச்சு அனுப்பும். அவிய ஏசியப் போட்டுட்டுப் பாத்து எழுதுவாவ. மணலு ஒத்துக்காது மைனி அவியளுக்கு. மொத வருசமே தும்மித் தும்மிப் பாதி வழியில இங்க திரும்பி வந்துட்டாவ."

"எங்க வீட்டு ஷோகேஸ்ல பதினோரு சீசா தேரி மணல் இருக்கு."

"பின்னால கக்கூஸுக்குக் குழி தோண்டுன மண்ணு. நாந்தான் சலிச்சுக் குடுத்தேன். ஒரு கல்லு இருக்காது." சொல்லும்போது அவன் முகத்தில் சின்னப் பெருமை.

"கூட யாரு இருந்தா?"

"சத்தியமா யாருமில்ல மைனி. ஏகாந்தம்தான்."

யாராவது ஒருத்தி இருந்திருந்தால் செண்பகவடிவுக்கு வேலை சுலபம். அதற்கான வசவுகள் கைவசம் இருந்தன. இதற்கு என்ன சொல்லித் திட்டுவது? பதினோரு மாசி மாதம் இந்த வண்டி ஆளில்லாமல் தேரியெங்கும் போயிருக்கிறது.

"நான் ஏறிப் போயிருப்பேனே" என்றாள்.

"நானும் ஒருக்கா சொன்னேன் மைனி. இங்க வச்சு ஏத்திவிட்டா யாருக்குத் தெரியப் போவுது, மைனியாவது பாத்துட்டு வரட்டுமேன்னு." ஜெபஸ்டின் தலையணையைப் பார்த்துப் பேசினான். "'அவ போனா நான் எழுதுனது தப்புன்னு சொல்லிருவா'ன்னாவ."

வண்டி மறுபடியும் இருக்கை காலியாவதைப் பற்றிப் பேசியது.

"ஆள் இருந்தா நவராது. அதுக்கு அப்படித்தான் பழக்கம்" என்றான் ஜெபஸ்டின். "மத்தியானம் வரைக்கும் பாக்கும். அப்புறம் வீட்டுக்குத் திரும்பிரும்."

அவள் இறங்கினாள். ஏழாம் எண் அறைக்குப் போய், மெத்தையின் நடுவில் செம்பை வைத்தாள். தலையணையை அவனிடமிருந்து வாங்கி அண்டக் கொடுத்தாள்.

"ஏசியப் போடு. சன்னலச் சாத்து. தும்முவாவ."

வண்டிக்குத் திரும்பி, மறுபக்கம் சுற்றிப் போய் இடது கதவைத் திறந்தாள். அந்த இருக்கையில் கம்பெனி உறை இன்னும் கிழிபடாமல் இருந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தாள். வண்டி சோதித்தது உரிமையாளரின் இருக்கையை மட்டும்தான்.

"ஆள் யாரும் இல்லை" என்றது வண்டி. "தனிப்பயணம் தொடங்குகிறது."

உடன்குடி தாண்டியதும் செம்மணல் ஆரம்பித்தது. அவள் கண்ணாடியை இறக்கினாள். காற்று ஊளையிட்டது. மணல் தகரத்தில் பொரிந்தது. பட்ட பனைகளின் காய்ந்த ஓலைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு சந்தை இரைச்சல் போட்டன. இவ்வளவு சத்தத்தை அவள் ஆயுளில் கேட்டதில்லை.

"அடப் பாவி மனுசா" என்று வாய்விட்டுக் கத்தினாள். அது அவள் காதுக்கே கேட்கவில்லை.