மழைக்குலத்தானின் மறுமொழி

அக்டோபர் வெயில் சாய்ந்து கொண்டிருந்த பொழுதில், பழைய விமான ஓடுதரையின் ஓரத்தில் முகாம் வண்டியை நிறுத்தினார் காட்டு வழிகாட்டி கலூபா. நிறுத்திய பின்னும் அவர் கைகள் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. அந்தச் சுற்றுலாப் பருவம் முழுதும் எலும்பில் படிந்துவிட்ட அயர்வு, இறங்கி நடக்கவேண்டிய சிறு தூரத்தையும் நெடுவழியாக்கிற்று.

"எறங்கலாமா மச்சான்? இல்ல, மதியம் தின்ன குரங்குக் கறி இன்னும் செரிக்கலையா?" என்றார் பின்னிருக்கையிலிருந்து தெம்போ.

தெம்போ ங்கோனிக்காரர், கலூபா பெம்பாக்காரர். இரு இனத்தாருக்கும் பிறவியிலேயே கேலி முறை; எதைச் சொல்லி ஏசினாலும் கோபம் கூடாது. காலையில் முகாமுக்கு வந்ததிலிருந்து விருந்தாளியின் வாய் ஓயவில்லை.

"எலி தின்னு வளந்த வாய்க்கு எங்க கறியப் பத்தி என்ன தெரியும்? மெதுவாப் பேசுங்க. பக்கி பறந்துரும்."

மழைக்கு முந்திய இந்தச் சில வாரங்களில்தான், இருட்டில் பறக்கும் சிறு பறவையான பக்கியின் ஆண் மணக்கோலம் பூணும். இரு சிறகிலிருந்தும் வெண்ணாடா போன்ற இறகு ஒவ்வொன்று, உடலினும் இருமடங்கு நீண்டு தொங்கும். கதிரவன் மறைந்து முதல் விண்மீன் தோன்றும் இடைவெளியில், மரமற்ற வெளியின் மேல் அந்நாடாக்களை அலையவிட்டுப் பேடையை அழைக்கும். மழை இறங்கிச் சில காலம் சென்றால் நாடா உதிர்ந்துவிடும். பறவை வடக்கே போய்விடும்.

இவ்வாண்டு அது இத்தரையில் இறங்கவே இல்லை. மாலைதோறும் விருந்தாளிகள் அதைக் காணாமலே திரும்பினர். முகாமின் உரிமைக்கார அம்மாள் இன்று காலை சொல்லிவிட்டாள்: "இன்னிக்கும் வரலேன்னா இந்த சாயங்கால வண்டிய நிறுத்திடலாம் கலூபா. உங்களையும் ஏன் சும்மா அலைய விடணும்?" அவள் குரலில் கனிவு இருந்தது. கலூபாவுக்கு வேறு பிழைப்பு இல்லை.

பறவை எப்போது வராமல் போயிற்று என்பது அவருக்குத் தெரியும். ஆகஸ்டில், காய்ச்சலில் கூட்டாளி சிசங்கா இறந்த பிறகு.

இருவரும் இத்தொழிலில் ஒன்றாய் நரைத்தவர்கள். சிசங்கா மழைக் குலம். கலூபா காளான் குலம். அங்கும் கேலி முறைதான். "நான் பேஞ்சாத்தான்டா நீ மொளைப்ப" என்று சொல்லாமல் சிசங்கா ஒருநாளும் வண்டியேறியதில்லை. முறைப்படி, எவர் முதலில் இறந்தாலும் மற்றவரே குழி வெட்டவேண்டும். குழியருகே நின்று, செத்தவனை வாய்க்கு வந்தபடி ஏசிச் சிரித்து வழியனுப்பவேண்டும்.

இருவரும் இறங்கித் தரையோரம் நின்றனர். மேற்கே செம்மை கருகிற்று. செம்புத் துளிர் விட்டிருந்த மரங்கள் ஒவ்வொன்றாய் நிறம் இழந்தன. சில்வண்டுகள் ஒலித்தன.

பின்பு, ஒலிக்கவில்லை.

காற்று அசையாமல் நின்றது. அதில் ஈரமண் வாசனை எழுந்தது. ஏப்ரலுக்குப் பின் அந்நிலத்தில் ஒரு தூறலும் இல்லை.

"அதோ," என்று தெம்போ கிசுகிசுத்தார். "வந்துருச்சு."

தரையின் மறுகோடியில் இரண்டு வெண்ணாடாக்கள்.

அவை பறக்கவில்லை.

ஆள் உயரத்தில், தளர்ந்த ஒருவனின் நடையில், மெல்ல ஆடியபடி வந்தன. நாடாக்களுக்கு நடுவே சிறகு இல்லை. இருள் மட்டும் இருந்தது. சுற்றியிருந்த இருளினும் அது சற்றுத் திண்மையாயிருந்தது.

கலூபா அறிந்துகொண்டார். சிசங்காவைத் தாமே சுற்றிய வெள்ளைத் துணியின் இரு முனைகள் அவை.

"பறவை இல்ல," என்றார். "என் கூட்டாளி. நான்தான் பொதச்சேன்."

தெம்போ அவர் பக்கம் திரும்பினார். பிறகு, "கேலி முறையா?" என்றார்.

"ஆமா."

"குழிகிட்ட என்ன சொல்லி ஏசின?"

"ஒண்ணும் சொல்லல. வாயே வரல. அழுதுட்டேன்."

"அழுதியா? ஊருல அழ ஆளா இல்ல? முறைக்காரனும் அழுதா அவன் யாருகிட்டய்யா விடை வாங்கிட்டுப் போவான்?"

நாடாக்கள் நின்றன. காத்திருந்தன.

கலூபா முன்னே நடந்தார். இறைவன் பெயரை மனத்துள் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

"டேய் சிசங்கா. உசுரோட இருந்தப்பவும் நீ நேரத்துக்கு வந்ததில்ல. செத்தும் நேரத்துக்குப் போகத் தெரியல. ஏப்ரல்லேருந்து ஒரு சொட்டு இல்ல, நீயெல்லாம் ஒரு மழையா? ஒன் குழிய வெட்டி என் முதுகு ஒடிஞ்சுது. ஒன் வீட்டுல ஒரு கோழிக்கால் குடுத்தாங்களா? கருமிப் பய குடும்பம். வழிய விடுடா. பறவைக்கு வேல இருக்கு. எனக்கும் இருக்கு."

சொல்லி முடிக்கையில் தம்மை அறியாமல் அவர் சிரித்துவிட்டார். ஆகஸ்டிலிருந்து நெஞ்சில் கிடந்த சிரிப்பு அது.

நாடாக்கள் தாழ்ந்தன. தரையைத் தொட்டன.

தொட்ட இடத்திலிருந்து பக்கி எழுந்தது. மெய்யான பறவை. மெலிந்த கீச்சொலியோடு, வெண்ணாடா இரண்டும் பின்னே நெளிய, அவர்கள் தலைக்கு மேல் வட்டமிட்டது. இன்னொரு முறை வட்டமிட்டது. தெம்போ தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். சில்வண்டுகள் மீண்டும் ஒலித்தன.

"முகாம் அம்மாகிட்ட நானே சொல்றேன் மச்சான்," என்றார் அவர், வண்டிக்குத் திரும்பும்போது. "குரங்கு தின்னாலும் நீ வேலக்காரன்னு."

கலூபாவின் உடம்பு இலேசாகியிருந்தது. இனி உறங்கலாம் என்று எண்ணியபடி கதவைத் திறந்தார்.

ஓட்டுநர் இருக்கை நனைந்திருந்தது.

பல்லாண்டுகளாய் அவர் உடல் அழுத்தி உண்டான பள்ளத்தின் நடுவே, விரல் பருமனில், வெள்ளையாய் ஒரு காளான் முளைத்திருந்தது.

தெம்போ எட்டிப் பார்த்தார்.

ஏச்சுக்குப் பதில் ஏச்சுச் சொல்லாமல் சிசங்கா ஒருநாளும் விட்டதில்லை. கலூபா காளானைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த ஈரத்திலேயே அமர்ந்தார். நின்று அஞ்சவும் அவருக்கு வலுவில்லை. வண்டி நகர்ந்தது. மேலே வானம் விண்மீன்களோடு தெளிந்திருந்தது.

முன்கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பல.

அவர் வைப்பரைப் போட்டார். அது போய்வந்தது; போய்வந்தது. துளி ஒன்றும் கலையவில்லை.

அவர் கைநீட்டி, கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்தார். விரல்கள் நனைந்தன.